வாசலில் போட்ட கடை

மஹாலட்சுமி சித்தி எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்துக்கொண்டு வந்து, பெஞ்சில் கிடத்தியிருந்த அங்காளம்மாளின் விரல்களில் வைத்துத் தேய்க்கப் போனாள். சரிதா குறுக்கே கையை நீட்டிப் பழத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வேணாம் சித்தி.”

“இன்னாடி வேணாம்? கையெல்லாம் கவுச்சி அடிக்குது. நாலு பேரு வந்து போற எடம். உன் ஆபீஸ் ஆளுங்கல்லாம் வருவாங்க இல்ல?”

“வரட்டும்.”

“அய்ய, பெட்டியில வெச்சு மூடுனா நாத்தம் உள்ளயே நின்னுக்கும்டி.”

“நிக்கட்டும். அது எங்கம்மா கை. அப்படியே இருக்கட்டும்.”

சித்திக்கு அக்கா போன துக்கத்தோடு இந்தத் துக்கமும் சேர்ந்துகொண்டது. “படிக்க வெச்சா இப்டித்தான், பொணத்துக்கும் புதுசா சட்டம் போடுவாளுங்க” என்று வீட்டுக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தாள். சரிதா பழத்தை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

அந்த எலுமிச்சம்பழம் சரிதா ஆரம்பித்து வைத்த வழக்கம். ஆறாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிவரச் சொன்னபோது, “கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுட்டு வாம்மா” என்று சொல்லிவிட்டாள். பதினோரு வயதில் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். அங்காளம்மாள் அதை மறக்கவில்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, பட்டமளிப்பு விழா என்று மகளுடைய எந்த வாசலை மிதிப்பதானாலும் முதல்நாளே பழம் வாங்கி வைத்துவிடுவாள். முகம் சுளித்ததில்லை, குத்திக்காட்டியதும் இல்லை. இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் சரிதாவுக்கு அதை நினைத்து வெட்கம் வந்தது. அம்மாவைப் பற்றிய வெட்கம் இல்லை, தன்னைப் பற்றியது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, இப்போது முப்பத்தொரு வயதில் பிணத்தின் பக்கத்தில் பழத்தைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறாள்.

காலை ஏழு மணிக்கு, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில், முதல் கிராக்கிக்கு மீன் வெட்ட அருவாமனையில் உட்கார்ந்த அங்காளம்மாள், அப்படியே பக்கத்துக் கடைச் சரோஜினியின் மேல் சாய்ந்திருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது. சரோஜினிக்கும் அவளுக்கும் முப்பது வருடமாக எல்லைத் தகராறு. “தள்ளுடி, இன்னாத்துக்கு மேல வுழற?” என்று சரோஜினி ஒரு தள்ளுத் தள்ளினாள். பதிலுக்கு ஒரு வசவும் வராமல் போனபிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து மணிக்குப் பம்மலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

இப்போது சரோஜினி தன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி மார்க்கெட் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

“காலமெல்லாம் மீனை ஐஸுல வெச்சியே, இன்னிக்கு உன்னியே ஐஸுல வெச்சுட்டாங்களே அங்காளா! என் எடத்துல கூடைய நவுத்தி நவுத்தி வெச்சியே, முழு எடத்தையும் எடுத்துக்கோடி, எழுந்து வந்து எடுத்துக்கோடி!” என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

அழுகைக்கு நடுவே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அங்காளம்மாள் இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள், அதற்கு மேலே ஒன்று திருப்பியும் சொல்லியிருப்பாள்.

வாசலில் ஷாமியானா நிழலில் அப்பா மாணிக்கவேல் உட்கார்ந்திருந்தார். இதே பம்மலில் தோல் பதனிடும் கம்பெனியில், தொட்டிகளுக்கு நடுவே வாழ்நாளைக் கழித்தவர். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன்காரப் பெண்ணை அவருக்குப் பேசியபோது, தோல் நாற்றத்துக்கும் மீன் நாற்றத்துக்கும் பத்துப் பொருத்தமும் சரியாக இருக்கிறது என்று தெருவே கேலி செய்ததாம். ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்ல வழியில்லாத கல்யாணம். அவர் அழவில்லை. மாலையோடு வருகிறவர்களை எல்லாம் பார்த்து, “சாப்ட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். எழவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று அவருக்குச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஷ்யாம்சுந்தர் வந்தான். கையில் ரோஜா மாலை, தோளில் லேப்டாப் பை.

சரிதாவும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள். குரோம்பேட்டையில் ஓர் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறையில் ஏழு வருடமாகக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறார்கள். கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறியைத்தான் சொல்லவேண்டும். அவர்கள் செய்து முடித்த ஒரே விளையாட்டு ‘வஞ்சிரம்’. சின்ன மார்க்கெட் ஒன்றில் ஒரு வருடம் மீன்கடை நடத்த வேண்டும். விற்பதற்கு ஒரு மீன்காரி இருப்பாள், மீனைத் தொட்டால் கிராக்கியிடம் பேசுவதுபோல் பேசுவாள். மழை வரும், பூனை வரும், படகு வராத நாளும் வரும். இணையத்தில் உலகமெங்கும் வாங்கி விளையாடினார்கள். அங்காளம்மாள் கிராக்கிகளிடம் பீற்றிக்கொள்வாள்: “நான் தெருவுல விக்கிறேன், எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல விக்கிறா. என் மீனு நாறும், அவ மீனு நாறாது. அவ்ளோதான் வித்தியாசம்.”

ஷ்யாம் மாலையைப் போட்டுவிட்டு, கும்பிட்டான். பிறகு சரிதாவைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனான்.

“இதை இன்னிக்குக் கேக்கறது தப்பு. தெரியும். ஆனா அஞ்சு மணியோட டைம் முடியுது. நீ ‘ஓகே’ மட்டும் போட்டுடு சரிதா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

ஆரம்ப நாளிலேயே அவர்கள் போட்டுக்கொண்ட விதி அது. இருவரும் தனித்தனியே ‘ஓகே’ அழுத்தினால்தான் விளையாட்டில் எந்த மாற்றமும் வெளியே போகும். இந்த முறை வெளியே போகவேண்டியது ஒரு பூட்டு. விளையாடுகிறவர்களே விளையாட்டுக்குள் கை வைத்து, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததைக் கழற்றி, மற்றவர்களுக்கும் கொடுப்பதற்கு ‘மாட்’ என்று பெயர். வஞ்சிரத்துக்கு அப்படி அறுபது எழுபது மாட் வந்துவிட்டன. ஒருத்தர் கடலில் புயல் வைத்தார். ஒருத்தர் பூனையை நாயாக்கினார். போன மாதம் யாரோ செய்த மாட் ஒன்று, விளையாடியவர்களின் சேமிப்பையெல்லாம் துடைத்துவிட்டது. ஒரு வருடம் நடத்திய கடை ஒரே நொடியில் காலி. செய்தவன் ஓடிவிட்டான், திட்டு இவர்களுக்கு வந்தது. பதினோரு நாள் ஷ்யாம் வேறு வேலையே பார்க்காமல் மன்னிப்புக் கடிதம் எழுதினான்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டு வெளியீட்டு நிறுவனம் ஒன்று வஞ்சிரத்தைக் கேட்டு வந்தது. ஒரே நிபந்தனை: எல்லோருக்கும் ஒரே விளையாட்டு, மாட் கூடாது, கதவைப் பூட்டிவிட்டு வா. அச்சக மாடியை விட்டு இறங்குவதற்கு ஏழு வருடத்தில் வந்த ஒரே ஏணி அதுதான்.

பூட்டலாம் என்று முதலில் சொன்னதும் சரிதாதான். “நாம வரைஞ்ச படத்துக்கு எவனோ மீசை வரையறான், அதைப் பாத்துட்டு நாம சிரிக்கணுமா?” என்பாள். ஒரு ‘மாட்’டைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று ஒரு வைராக்கியம். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ‘ஓகே’ போடாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று ஷ்யாமுக்குப் புரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

“எடுத்து முடியட்டும் ஷ்யாம். சொல்றேன்.”

“நாலு மணிக்கு எடுக்கறாங்க. அஞ்சு மணிக்கு...”

“சொல்றேன்னு சொன்னேன்ல?”

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். அடுப்படியில் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே அங்காளம்மாள் கேட்டாள்.

“இன்னாத்துக்குடி பூட்டு? ஊரான் புள்ள கை வெச்சா உன் சரக்கு இன்னா கொறஞ்சு பூடும்?”

“உனக்கு யாரும்மா சொன்னது?”

“யாரோ சொன்னாங்க. பதில் சொல்லு.”

“அவன் கெடுத்து வெச்சா திட்டு எங்களுக்கு வருதும்மா. கஷ்டப்பட்டு செஞ்சது நாங்க.”

அங்காளம்மாள் மீனைத் திருப்பிப் போட்டாள். “எங்கிட்ட மீனு வாங்கிக்கினு போறாங்க. ஒருத்தி கொழம்பு வெக்கிறா, ஒருத்தி வறுக்கறா, ஒருத்தி மாங்கா போடறா. நான் கூடவே போயி ‘வறுக்காத, கொழம்புதான் வெக்கணும்’னு அவ வூட்டு அடுப்பாண்ட குந்திகினு கீறனா? மீனு நாறுனா எங்கிட்ட வா. கொழம்பு தீஞ்சா உன் கைய நீயே திட்டிக்கோ. இத ஒரு பலகையில எழுதி மாட்டிட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி பூட்டா?”

“அது வேற, இது வேற.”

“இன்னா வேற? உன் கடையில மீனு விக்கிறாளே ஒரு பொம்பள, டிவில நியூஸ் படிக்கறவ கணக்கா பேசறா. ‘வாருங்கள், என்ன மீன் வேண்டும்?’ அவகிட்ட எவன்டி மீனு வாங்குவான்? எவனாச்சும் மாத்தி வெச்சா நல்லதுக்குத்தான்னு வுட்டுட்டுப் போவியா...”

“உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உன் வேலைய பாரு.”

அதுதான் கடைசி. மூன்று நாள் சரிதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். இன்று விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கிளம்பியபோது அவள் விழித்துத்தான் இருந்தாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருந்தாள்.

அந்த நியூஸ் படிக்கிற பொம்பளைக்கும் ஒரு கதை உண்டு. நாலு வருடத்துக்கு முன்னால், விளையாட்டில் வரும் மீன்காரிக்குக் குரல் தேடியபோது, “நான் பேசறேண்டி” என்று அங்காளம்மாள் ஆசையாகக் கேட்டாள். அன்றைக்குப் புடவைகூட மாற்றிக்கொண்டு வந்தாள், குரலுக்குப் புடவை எதற்கு என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. “வேணாம்மா, நீ பேசறது யாருக்கும் புரியாது” என்று சொல்லிவிட்டு, அழகாகப் பேசுகிற ஒரு பெண்ணை அழைத்துப் பதிவு செய்தாள் சரிதா. அந்த முறை எலுமிச்சம்பழத்துக்கும் அடங்காத நாற்றமாக அவளுக்குத் தெரிந்தது அம்மாவின் பேச்சுதான்.

இரண்டரை மணிக்கு டெபோரா டீச்சர் வந்தார். கழுத்தில் பள்ளி அடையாள அட்டை அப்படியே தொங்கியது, அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். மேற்குத் தாம்பரத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிறவர், ஐம்பதை நெருங்கும் வயது. சனிக்கிழமைதோறும் அங்காளம்மாள் அவர் வீட்டுக்கே மீன் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு வருவாள். பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். பிறகு சரிதாவைத் தேடி வந்து ஜன்னலோரம் நின்றார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. எப்ப சொல்றதுன்னு தெரியல. இன்னிக்கு அஞ்சு மணிக்கு மாட் எல்லாம் பூட்டறதா அறிவிப்பு போட்டிருந்தீங்க, அதுக்கு மேல சொல்லியும் பிரயோஜனம் இல்ல. நான்தான் கெளுத்தி.”

சரிதாவுக்கு ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. மாட் செய்கிறவர்களில் ‘கெளுத்தி’ என்ற பெயரில் ஓர் ஆள். மீன்காரியின் குரலை மாற்றிய ஆள். மூன்று வாரத்துக்கு முன்னால், அனுமதியில்லாமல் குரலை மாற்றியது தவறு, உடனே எடுத்துவிடவும் என்று காரமாக ஒரு கடிதம் சரிதாவே எழுதியிருந்தாள். யாரோ வேலைவெட்டி இல்லாத ஆள் என்று நினைத்திருந்தாள்.

“நீங்களா டீச்சர்?”

“நான் ராத்திரியில கொஞ்சம் கேம் ஆடுவேன். தூக்கம் வராத ஆளு. ஒரு சனிக்கிழமை உங்கம்மா மீன் வெட்டிக்கிட்டே பாத்தாங்க. ‘இது எம்பொண்ணு செஞ்சது’ன்னாங்க. அப்பறம், ‘இந்தப் பொம்பளைய தள்ளிட்டு நான் பேசணும், முடியுமா டீச்சரம்மா?’ன்னு கேட்டாங்க. முடியும்னேன். ஆறு சனிக்கிழமை பேசினாங்க. நூத்தி நாப்பது வசனம்.”

சரிதாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். “எங்கம்மாவை வெச்சு இவ்வளவு செஞ்சிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?”

டெபோரா டீச்சர் பின்வாங்கவில்லை. “உங்கம்மாவைக் கேட்டேன்மா. அவங்க குரல். அவங்களைத்தான கேக்கணும்?”

சரிதா ஜன்னல் கட்டையில் இருந்த பழத்தைப் பார்த்தாள்.

“உங்க லெட்டர் வந்த அன்னிக்கு அவங்க எங்க வீட்டுலதான் இருந்தாங்க. படிச்சுக் காட்டினேன். சிரிச்சாங்க. ‘எம்பொண்ணு எழுதனதா? ஜோரா எழுதிகீறா’ன்னாங்க. எடுத்துடவான்னு கேட்டேன். ‘எடுக்காத. அவ கடைக்குள்ள எனக்கு எடம் கெடைக்கல, வாசல்ல கடை போட்டுகினு கீறேன். வாசல்ல போட்ட கடைய எவ வந்து காலி பண்ணச் சொன்னாலும் நவுறமாட்டா இந்த அங்காளா. எம்பொண்ணாண்ட நான் பேசிக்கறேன்’னாங்க.” டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அந்த மாட்-ஐ ஆறாயிரம் பேர் எறக்கியிருக்காங்கம்மா. பிரேசில்ல ஒருத்தர் அவங்க பேசறதைக் கேட்டுக் கத்துக்கிட்டு ‘போய்யா’ன்னு தமிழ்ல எழுதினார். காட்டினேன். ‘பிரேசிலு எங்க கீது, செங்கல்பட்டுக்கு அந்தாண்டயா?’ன்னு கேட்டாங்க.”

சரிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

“அஞ்சு மணிக்கு மேல அவங்க பேசமாட்டாங்க, இல்ல?” என்றார் டீச்சர். “ரெக்கார்டிங் எங்கிட்ட இருக்கு, தரேன். ஆனா அதுல தனியா பேசிக்கிட்டு இருப்பாங்க. கடையில உக்காந்து, வர்றவங்களோட மல்லுக்கு நிக்கறது இதுலதான்.” போகத் திரும்பியவர் நின்றார். “கூடையில இருக்கற வஞ்சிர மீனை நாலு தடவை தொட்டீங்கன்னா ஒண்ணு சொல்வாங்க. அது நான் எழுதிக் குடுத்தது இல்ல. அவங்களா சொன்னது.”

மூன்றரைக்கு மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் பாடை கட்டி முடிந்தது. சரிதா ஷ்யாமைத் தேடிப் போனாள். அவன் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் பையோடு இருந்தான். அப்பா அவனிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும், கையில் ஒரு டீ இருந்தது.

“ஷ்யாம், நான் ஓகே போடல.”

அவன் டீயைக் கீழே வைத்தான். “சரிதா, ப்ளீஸ். அந்தக் கம்பெனிக்காரங்க போயிடுவாங்க. இன்னொரு தடவை வரமாட்டாங்க.”

“போட்டும்.”

“ஏழு வருஷம். அந்த மாடியில. நான் எங்க வீட்டுல என்ன சொல்லட்டும்?” அவன் குரல் உயர்ந்து, இடத்தை நினைத்துத் தாழ்ந்தது. “அம்மா போன நாள்ல எடுக்கற முடிவு இது. ஒரு வாரம் கழிச்சு நீயே தலையில கை வெச்சுப்ப.”

“இன்னிக்கு எடுத்தது இல்ல. ஞாயித்துக்கிழமையே எங்கம்மா ஜெயிச்சுட்டாங்க. ஒத்துக்க மனசில்லாம நான்தான் மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தேன்.”

“என்ன ஜெயிச்சாங்க? சேவ் எல்லாம் போச்சுன்னு அழுதவங்களுக்கு யாரு பதில் சொல்றது? நான் சொன்னேன். பதினோரு நாள்.”

“இனிமே நான் சொல்றேன். மாட் போட்டு ஆடறவங்களுக்குக் கூடையத் தனியா வெச்சுடுவோம். அவங்க சேவ் வேற, நம்ம சேவ் வேற. ஒண்ணு நாறினா இன்னொண்ணுல ஒட்டாது. வாசல்ல ஒரு பலகை. எங்க மீன் நாறினா எங்ககிட்ட வா, கொழம்பு தீஞ்சா வெச்சவங்களைக் கேளு. பூட்டின கூடைதான் வேணும்னா அந்தக் கம்பெனி அவங்க கடையில மட்டும் பூட்டி விக்கட்டும். நம்ம கடை தொறந்துதான் கெடக்கும்.”

“ஒத்துக்கமாட்டாங்க.”

“நானும் ஒத்துக்கல.”

ஷ்யாம் அவளையே பார்த்தான். கொழம்பு, மீன் என்று இவள் என்ன உளறுகிறாள் என்று முகத்தில் எழுதியிருந்தது. “தனிக் கூடை செய்ய ரெண்டு மாசம் ஆகும்” என்று மட்டும் சொன்னான். கோபமாகத்தான் சொன்னான். ஆனால் ‘முடியாது’ என்று அவன் சொல்லவில்லை என்பதைச் சரிதா கவனித்தாள்.

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். அப்பா போடும்போது அரிசி விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது, அதை உதறத் தெரியாமல் நின்றார். சித்தி கையைப் பிடித்து உதறிவிட்டாள். சரிதா தன் முறை வந்ததும் அரிசியைப் போட்டுவிட்டு அம்மாவின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. விட்டுவிடச் சொல்லி யாரோ தோளைத் தொட்டார்கள். அவள் விடவில்லை. இன்னொரு முறை தொட்டார்கள், அப்போதும் விடவில்லை. கடைசியில் சரோஜினிதான் எல்லாரையும் அதட்டினாள்.

“இன்னா அவசரம்? அங்காளா எங்க ஓடிப் பூடப் போறா? பொண்ணு புடிச்சுகினு இருக்கட்டும்.”

தூக்கும் நேரம் ஒரு தோள் குறைந்தது. ஷ்யாம் எழுந்தான். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துச் சரிதாவின் கையில் வைத்தான்.

“பாஸ்வேர்டு தெரியும்ல? என் பேருல நான் ஓகே போட்டாச்சு. உன் பேருல என்ன போடணுமோ நீயே போடு.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “நான் தூக்கப் போறேன்.”

மேளம் எழும்பியது. தெருமுனை வரைக்கும் பூவை வாரி இறைத்துக்கொண்டு போனார்கள். முனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். லேப்டாப்பை மாரோடு அணைத்துக்கொண்டு சரிதாவும் நின்றாள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நாலு தோள்களில் ஒரு தோள் மட்டும் பழக்கமில்லாமல் ஏறி இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. மேளச் சத்தம் மெயின் ரோட்டுப் பஸ் ஹாரனில் கரையும்வரை நின்றுவிட்டுத் திரும்பினாள்.

வீட்டில் சித்தியும் சரோஜினியும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் விளக்கு வைக்க ஒரு தட்டைச் சித்தி தேடினாள். மணி நாலு ஐம்பது. சரிதா ஜன்னலோரம் காய்ந்த தரையாகப் பார்த்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

‘ஓகே’ கேட்கும் பக்கம் அவளுக்காகக் காத்திருந்தது. ஷ்யாமின் பெயருக்கு எதிரே பச்சை. அவள் பெயருக்கு எதிரே இரண்டு கட்டங்கள். ‘ஓகே’ ஒன்று, ‘நிராகரி’ ஒன்று. அச்சக மாடி, மின்விசிறிச் சத்தம், ஷ்யாமின் பதினோரு நாள் எல்லாம் ஒருமுறை வந்து போயின. அவள் ‘நிராகரி’யை அழுத்தினாள்.

பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு ‘மாட்’டை, கெளுத்தி செய்ததை, இறக்கித் திறந்தாள்.

அவளே வரைந்த மார்க்கெட். அவளே வரைந்த கடை, அவளே வண்ணம் பூசிய அன்னக்கூடை, அதன் பின்னால் அவளே வரைந்த மீன்காரி. கூடையில் நீளமாக ஒரு வஞ்சிரம். தொடுதிரையில் அதன் மேல் விரலை வைத்தாள்.

“தொட்டுப் பாக்காத நைனா. மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?”

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

சரிதா இரண்டாவது முறை தொட்டாள்.

“சொன்னன்ல? கண்ணால பாரு. செவுளு செவப்பா கீதா, அவ்ளோதான் பாக்கணும்.”

சரோஜினி துடைப்பத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவள் முகம் பேயறைந்தது போல் இருந்தது. “அடிப்பாவி” என்றாள். அது யாரை என்று தெரியவில்லை.

மூன்றாவது முறை.

“எடு கைய!”

நாலாவது முறை தொட்டபோது உடனே பதில் வரவில்லை. எங்கோ ஒரு காகம் கத்தியது, அது டெபோரா டீச்சர் வீட்டுப் பின்கட்டாக இருக்கவேண்டும். அருவாமனையில் செதில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு கிராக்கியிடம் பேசும் குரலில்லாமல், வீட்டுக் குரலில்:

“சொன்னா கேளு கண்ணு. கையில நாத்தம் ஒட்டிக்கினா லேசுல போவாது. அப்பறம் எலுமிச்சம்பழம் எங்கன்னு தேடுவ, எம்பொண்ணு மாதிரி.” சின்னதாக ஒரு சிரிப்பு. “அவ தேடுனா தேடட்டும். பெரிய எடத்துக்குப் போற பொண்ணு அது.”

ஜன்னல் கட்டையில் காலையில் வைத்த அரைப்பழம் ஓரம் காய்ந்து சுருங்கியிருந்தது.

பின்கட்டிலிருந்து சித்தி கூப்பிட்டாள். “சரிதா! தண்ணி வெளாவி வெச்சுகீறேன், வந்து தலைக்கு ஊத்திக்கோ. சோப்பும் வெச்சுகீறேன், கைய நல்லா தேய்ச்சுக் கழுவு.”

சரிதா, அம்மாவின் கையைப் பிடித்திருந்த தன் விரல்களை முகத்தருகே கொண்டுபோனாள். கீழே இறக்கினாள்.

“அப்பறம் சித்தி” என்றாள்.

வஞ்சிரத்தை மறுபடியும் தொட்டாள்.